அம்மாவுக்கு வயது 74: நோய் எதிர்ப்புச் சக்தி அற்றுப்போய் விட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சீனி வருத்தம் இருக்கிறது. நல்ல திடமாக வயலில் இறங்கி வேலை செய்தவர். தடிமன் வந்தாலும் இரண்டு நாளில் எழும்பி விடுவார். போன மாரியில் நெஞ்சுச்சளி வந்து பத்து நாள் வாட்டில் இருந்தார். பிறகு முதுகில் அக்கி போட்டது. கொப்புளம் காய்ந்து ஆறு கிழமை ஆகியும் எரிவு விடவில்லை. மருந்துக் கடையில் எதிர்ப்புச் சக்திக்கு என்று ஒரு குளிசைப் போத்தல் தந்தார்கள். தொடர்ந்து கொடுக்கலாமா? வயது போனால் எதிர்ப்புச் சக்தி அற்றுப்போய் விடுமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, அடுத்த போத்தல் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் சூடை மீனும் வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வெண்குழியங்களில் ஒரு வகையான டி கலங்கள் அங்கேதான் முதிர்ந்து வெளியே வருகின்றன. பெரிய பிள்ளையான பிறகு அது சுருங்கத் தொடங்கும். அம்மாவின் வயதில் பெரும்பகுதி கொழுப்பாக மாறியிருக்கும். நீங்கள் வயற்காரர்கள், உங்களுக்கு இது விளங்கும்: புது விதைநெல் வருவது நின்றுபோனால், இருக்கிறதையே திரும்பத் திரும்ப விதைத்துத்தானே ஓட்ட வேண்டும்? உடம்பும் அப்படித்தான் செய்கிறது. பழைய கலங்களே பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. பழகிய கிருமிகளை அவை நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கும். புதுக் கிருமி வந்தால்தான் தடுமாற்றம்.

பழைய ஞாபகமும் சில நேரம் தளரும். அம்மாவுக்குச் சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்திருக்கும். அந்த வைரஸ் சாகவில்லை. முள்ளந்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் இத்தனை வருடமும் உறங்கிக் கிடந்தது. காவல் தளர்ந்ததும் ஒரே நரம்பின் வழியே வெளியே வந்ததுதான் இந்த அக்கி. இது கண்ணகி அம்மாளின் கோபம் இல்லை. அதற்காக வைகாசியில் அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போவதை நான் மறிக்கவில்லை.

ஆனால் ‘அற்றுப்போய் விட்டது’ என்பது சரியில்லை. வயதான எதிர்ப்புச் சக்திக்கு இரண்டு குணம். வேண்டிய இடத்தில் மந்தம், வேண்டாத இடத்தில் ஓயாத கொதிப்பு. முதிர்ந்த கலங்கள் சில பிரிவதை நிறுத்தி விடும், சாகவும் மாட்டா; அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்துகொண்டே கிடக்கும். அவற்றைத் துப்புரவு செய்ய வேண்டிய காவற்கலங்களும் கிழடு தட்டி விட்டன. இந்த அணையாத அழற்சிக்கு 2000ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர் கிளவுதியோ ஃபிரான்செஸ்கி ஒரு தனிப்பெயரே வைத்தார். இரத்தக்குழாய் தடிப்பது, தசை கரைவது, இன்சுலின் சரியாக வேலை செய்யாதது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. வயிற்றுக் கொழுப்பும் புகையும் அதை இன்னும் ஊதி விடும். கொதிக்கிற பானைக்குக் கீழே ‘சக்தி கூட்டும்’ குளிசை என்ன செய்யும், சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. சில மாரிக்கு முன் மண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு முதியவரை வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏற்றிக் குருமண்வெளிக்கு இறக்கிக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. “இரண்டு நாளாகக் கஞ்சி குடிக்கிறார் இல்லை, சாரத்தை மாறிக் கட்டுகிறார், என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறார்” என்றார் மகன். வெப்பமானி 37.4 காட்டியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை, அதாவது நிமோனியா. காய்ச்சல் என்பது எதிர்ப்புக் கலங்கள் எழுப்பும் கூக்குரல். குரல் தளர்ந்தால் காய்ச்சலும் தளரும். ஆகவே அம்மா சுகமாக இருக்கும் நாட்களில் அவருடைய வழக்கமான சூட்டை அளந்து எழுதி வையுங்கள். அதைவிட ஒரு பாகைக்கு மேல் ஏறினாலோ, திடீரென்று பேச்சுத் தடுமாறினாலோ, விழுந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

சீனி வருத்தம் இருப்பதால் இன்னொன்று. சீனி கூடி நின்றால் வெண்குழியங்கள் கிருமியை விழுங்குவது குறையும். நமது வயல் மண்ணிலும் சேற்று நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பக்டீரியா இருக்கிறது. மழைக்காலத்தில், சீனி உள்ளவர்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். வழக்கமான அன்டிபயோட்டிக் பலவற்றுக்கு அடங்காது. அம்மா இன்னும் வரம்புப் பக்கம் போகிறவர் என்றால் சப்பாத்து போடட்டும், காலில் புண் இருந்தால் போகவே வேண்டாம். இனி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ‘வயலுக்குப் போகிறவர், சீனியும் உண்டு’ என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

தடுப்பூசி வயதானவருக்கு வீண் என்பார்கள். அக்கிக்கு முதலில் வந்த ஊசி 70 தாண்டியவர்களில் 40 சதவீதம்கூடக் காக்கவில்லை, உண்மை. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷிங்ரிக்ஸ், தூண்டுபொருள் சேர்த்த இரண்டு ஊசி, அதே வயதினரின் பரிசோதனையில் ஏறக்குறைய 90 சதவீதம் காத்தது. கிழட்டுக் கலங்கள் செத்துப் போகவில்லை, கொஞ்சம் உரக்கக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். இன்ஃபுளுவென்சா ஊசி, நிமோனியா தரும் நியூமோகொக்கல் கிருமிக்கான ஊசி இரண்டையும் பற்றி அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். தினமும் ஒரு முட்டை அல்லது மீன், பயறு, சீனி போடாத தயிர். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னேரம் அரை மணி நேர நடை. நடக்கிற தசை அழற்சியைக் குறைக்கும் பொருட்களைச் சுரக்கிறது.

அப்புறம் அந்த எரிவு. நரம்பு காயப்பட்டதால் வருகிறது, பனடோலுக்கு அடங்காது. அதற்கென்று இரவில் சிறு அளவில் தொடங்கும் குளிசைகள் இருக்கின்றன. மயக்கம், தள்ளாட்டம் வரக்கூடும் என்பதால் கடையில் வாங்காமல் டொக்டர் எழுதித் தர வேண்டும். வேறு யாருக்காவது வீட்டில் அக்கி போட்டால், முக்கியமாக நெற்றியில் அல்லது கண் பக்கத்தில், காவியும் வேப்பிலையும் தேடாமல் மூன்று நாளுக்குள் வாருங்கள். வைரஸ் மருந்து அந்த நேரத்தில்தான் நன்றாகப் பிடிக்கும்.