காண்ட்ராக்டர் சொல்லும் ஆர்பிட்ரேட்டரிடம்தான் போக வேண்டுமா?

கேள்வி: நாங்கள் குடியிருக்க வீடு கட்டிக்கொடுத்த காண்ட்ராக்டருக்கு 14 லட்சம் கொடுத்துவிட்டோம். முதல் மழைக்கே மாடித் தளம் ஒழுகுகிறது. சரிசெய்ய 6 லட்சம் ஆகும் என்கிறார் வேறொரு இன்ஜினியர். நஷ்டஈடு கேட்டால், "அக்ரிமென்ட்படி கோர்ட்டுக்குப் போக முடியாது, எங்கள் ஆர்பிட்ரேட்டர்தான் முடிவு செய்வார்" என்று தன் கம்பெனி ஆலோசகரைக் கைகாட்டுகிறார். நல்ல ஆர்பிட்ரேஷன் வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வக்கீலைத் தேடும் முன், அவர் சொன்னது சரிதானா என்று பார்த்துவிடுவோம். சரியில்லை. நீங்கள் நுகர்வோர். அக்ரிமென்ட்டில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் போகாமல், ஆர்பிட்ரேட்டர் எனும் நடுவர் தீர்ப்புச் சொல்லும் முறை) ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

செலவையும் பாருங்கள். நீங்கள் கொடுத்த தொகை 14 லட்சம் என்பதால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆர்பிட்ரேஷன் என்றால், ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ள மாதிரிக் கட்டணப்படி 6 லட்சம் கோரிக்கைக்கு 48,500 ரூபாய். ஒரே ஆர்பிட்ரேட்டர் என்றால் அதன்மேல் இன்னும் 25 சதவீதம். வழக்கமாக இதை இரு தரப்பும் பாதிப் பாதியாகக் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் வக்கீல் ஃபீஸ் தனி. என்னைக் கேட்டால், ஆணையத்துக்கே போங்கள்.

அந்த ஆலோசகர் விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். ஒரு தரப்பின் ஊழியரோ ஆலோசகரோ ஆர்பிட்ரேட்டராக உட்காரக் கூடாது என்பது 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 12(5) பிரிவு. ஆனால் தகராறு வந்த பிறகு நீங்களே "இவர் இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்று நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டீஸ் வந்தால், காரணத்தைக் குறிப்பிட்டு உடனே பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்புங்கள். ஆர்பிட்ரேட்டரின் தீர்ப்பு சிவில் கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) போலவே அமலாகும். பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அதை ரத்து செய்ய வைக்க முடியாது.

சரி, ஆர்பிட்ரேஷன் வக்கீல் யாருக்குத்தான் தேவை? கடை, குடோன் என்று வியாபாரத்துக்குக் கட்டியவர்களுக்கு. அவர்கள் வக்கீலிடம், ஆர்பிட்ரேட்டரை நியமிக்கக் கோரி ஹைகோர்ட்டில் 11-ஆம் பிரிவு மனுவும், தீர்ப்பை எதிர்த்து 34-ஆம் பிரிவு மனுவும் நடத்தியிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். கட்டுமான வழக்கு பார்த்தவர் என்றால் இன்னும் நல்லது. ஃபீஸை எழுத்தில் வாங்குங்கள். "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று பேசுபவர் வேண்டாம்; பார் கவுன்சில் விதிகளே அதைத் தடுக்கின்றன.

புகார் கொடுக்க உங்களுக்கு 2 வருடம்தான் அவகாசம். பழுது பார்க்கும் முன், ஒழுகும் இடத்தைத் தேதி தெரியப் படமெடுத்து, அந்த இன்ஜினியர் வாயால் சொன்னதைக் கையெழுத்திட்ட அறிக்கையாக வாங்கிவிடுங்கள்.