கர்ப்பகாலக் குறட்டையும் இடையில் நிற்கும் மூச்சும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: “எனக்கு இப்போது ஏழு மாதம். நான் பலமாகக் குறட்டை விடுவதாகவும், இடையில் மூச்சு நின்று பின்னர் திணறுவதாகவும் கணவர் சொல்கிறார். காலையில் தலையிடிக்கிறது. கர்ப்பிணிக்குக் குறட்டை வருவது வழமைதான் என்கிறார் மாமி. பரிசோதிக்க வேண்டுமா?”

குறட்டையைப் பொறுத்தவரை மாமி சொல்வது சரிதான். ஈஸ்ட்ரோஜன் கூடும்போது மூக்கின் உட்சவ்வு வீங்குவதால் கர்ப்பிணிகள் பலருக்குக் குறட்டை வரும். ஆனால் உங்கள் கணவர் கண்டது அதுவல்ல. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ள, 10 செக்கன்களோ அதற்கு மேலோ காற்று தடைப்படுவதை உறக்க மூச்சுத்தடை என்கிறோம். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்கிட்டு விழித்து, இரத்த அழுத்தம் ஏறுகிறது. காலையில் உங்களுக்கு அது நினைவிலேயே இராது. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம், முன்சூல்வலிப்பு (பிரஷர் ஏறுவதோடு பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் கழியும் ஆபத்தான நிலை), கர்ப்பகால நீரிழிவு ஆகியவை இந்நிலை உள்ள தாய்மாரிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. எல்லோருக்கும் வரும் என்பதல்ல. ஆயினும் அலட்சியம் செய்யக் கூடாது.

முதலில், தலையிடி இருப்பதால், நாளைக்கென்று தள்ளாமல் இன்றே பிரஷரையும் சிறுநீரில் புரதம் உள்ளதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு மூன்று இரவுகள் நீங்கள் உறங்கும்போது சில நிமிடங்கள் கைபேசியில் பதிவுசெய்யும்படி கணவரிடம் சொல்லி, அதைக் கிளினிக்கில் காட்டுங்கள். பகல் சோர்வு கர்ப்பிணிகளுக்குப் பொதுவானது என்பதால், கேள்விப் படிவத்தை மட்டும் வைத்து இந்நோயை முடிவுசெய்ய இயலாது. அருகில் விழித்திருந்தவரின் வார்த்தைக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன். மகப்பேற்று நிபுணர் உங்களைச் சுவாசநோய் நிபுணரிடம் அனுப்புவார். விரலிலும் மார்பிலும் மூக்கருகிலும் உணரிகளைப் பொருத்திச் செய்யும் உறக்கப் பரிசோதனையில் கதிர்வீச்சு ஏதுமில்லை. மணிக்கு 5 தடைகளோ அதற்கு மேலோ பதிவானால் நோய் உண்டு எனக் கொள்வர்.

சிகிச்சைக்கான சீபாப் கருவி, அறைக் காற்றையே சற்று அழுத்தத்துடன் முகமூடி வழியாகச் செலுத்துவதால், குழந்தைக்குத் தீங்கில்லை. அதுவரை தலையணையை முதுகுக்கு அணைவாக வைத்து இடப்பக்கம் சரிந்து படுங்கள். நித்திரைக் குளிசை வேண்டாம். சிசேரியன் செய்ய நேர்ந்தால் மயக்க மருந்து வைத்தியரிடம் இதைக் கட்டாயம் கூறுங்கள்.

கடும் தலையிடி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலோ கையிலோ திடீர் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல், நள்ளிரவானாலும் டி சொய்சா அல்லது காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.