காயம்பட்ட ஒரே சாட்சியை வைத்து ஆறு பேருக்குத் தண்டனை: மேல்முறையீட்டில் நிற்குமா?

கேள்வியின் சுருக்கம்: கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் தண்டனைச் சட்டத்தின் 302 (கொலை), 149 (சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றவர்களும் பொறுப்பு) பிரிவுகளின் கீழ் ஆறு பேருக்குத் தண்டனை. அதில் ஒருவர் உங்கள் தம்பி. நடந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னவர் பாராங் (நீண்ட வெட்டுக்கத்தி) வெட்டோடு பிழைத்த ஒருவர்தான், அவரும் எதிர்க்கோஷ்டி ஆள். அந்த ஒரு சாட்சி போதுமா என்று கேட்கிறீர்கள்.

போதும், அக்கா. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு இத்தனை சாட்சி வேண்டும் என்று கணக்கு எதுவும் கேட்பதில்லை. "ஒரே சாட்சிதானே" என்பதை முதல் வாதமாக வைத்தால் புத்ராஜெயாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபடாது. எதிர்க்கோஷ்டி என்பதும் இருபக்கமும் வெட்டும் கத்தி: பொய் சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது என்பீர்கள், தாக்க உங்கள் பக்கத்துக்குக் காரணம் இருந்தது என்பார் டிபிபி (அரசுத் தரப்பு வழக்கறிஞர்).

காயம்பட்டவர் பேச்சுக்கு எடை கூடுவது இரண்டு காரணத்தால். உடம்பில் இருக்கும் வெட்டே அவர் அங்கே இருந்ததைக் காட்டிவிடுகிறது. தன்னை வெட்டியவனைத் தப்பவிட்டு வேறொருவனை மாட்டிவிட யாருக்கும் மனசு வராது என்றும் நீதிமன்றம் எடுத்துக்கொள்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறது. நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 34 (பலர் ஒரே எண்ணத்தோடு சேர்ந்து செய்த குற்றம்), 149, 302 என்ற எண்கள்கூட அங்கிருந்து வந்தவைதான். ஆகவே இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அந்தத் தீர்ப்புகளை லோயர்கள் எடுத்துக்காட்டுவது வழக்கம். (2024 ஜூலையில் இந்தியா எண்களை மாற்றிவிட்டது. தேடும்போது பழைய எண்களையே போடுங்கள்.)

இப்போது அந்த இரண்டாவது காரணத்தைத் திரும்பப் படியுங்கள். அது அவரை வெட்டியவனுக்குத்தான் பொருந்தும். பின்னால் நின்றதாகச் சொல்லப்படும் ஐந்தாவது, ஆறாவது ஆளை அவர் சரியாகப் பார்த்தாரா என்பதற்கு அவர் காயம் ஒன்றும் சொல்லாது. உங்கள் தம்பியின் மேல்முறையீட்டுக்கு உயிர் அங்கேதான்.

ரெக்கோர்ட் ராயுவான் (மேல்முறையீட்டுப் பதிவேடு) கைக்கு வந்ததும் ஒரு தாளில் ஆறு வரிசை போடுங்கள், ஆளுக்கு ஒன்று. எதிரே முதல் போலீஸ் ரிப்போர்ட், மருத்துவமனைக் குறிப்பு, கூண்டில் அரசுத் தரப்பு கேட்ட முதல் விசாரணை, எதிர்த்தரப்பு கேட்ட குறுக்கு விசாரணை என்று நாலு கட்டம். போலீசிடம் சாட்சி கொடுத்த 112-ஆவது பிரிவு வாக்குமூலத்தின் நகல் விசாரணையில் கிடைத்திருந்தால் அதற்கும் ஒரு கட்டம். எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் முதன்முதலாக வருகிறது என்று குறியுங்கள். ரிப்போர்ட்டில் நாலு பெயர் இருந்து கூண்டில் ஆறாக வளர்ந்திருந்தால், சேர்ந்த இரண்டும் ஆட்டம் காணும். ரத்தம் ஒழுகும் நிலையில் ஒரு பெயர் விட்டுப்போவது இயல்பு என்று நீதிபதி சொல்லக்கூடும். ஆனால் முன்பே பழகிய ஆளின் பெயர் எப்படி விட்டுப்போகும்?

அடுத்து மருத்துவ அறிக்கை. "முன்னால் நின்று தலையில் பாராங்கால் வெட்டினான்" என்று சாட்சி சொல்ல, டாக்டர் முழங்கைக்குக் கீழே வெளிப்புறத்தில் மட்டும் வெட்டு என்று எழுதியிருந்தால் அதை முரண்பாடு என்று தூக்கிப் பிடிக்க வேண்டாம். தலைக்கு வந்த வெட்டைக் கை தூக்கித் தடுத்தால் காயம் அங்கேதான் விழும். ஆறு பேரும் பாராங்கால் வெட்டினார்கள் என்று சொல்லி, பிரேதப் பரிசோதனையில் ஒரே ஒரு குத்துக்காயம் மட்டும் இருந்தால் அது கனமான முரண்பாடு. அப்படி ஒன்று கிடைத்தாலும் சாட்சியம் மொத்தமும் குப்பைக்குப் போகாது. உமியை ஊதிவிட்டு அரிசியை எடுக்கத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

வெளிச்சம், தூரம், எத்தனை வினாடி, முகத்தில் ஹெல்மெட்டா, முன்பழக்கமா: ஆளை அடையாளம் காட்டுவது பற்றி 1976-இல் இங்கிலாந்தில் வந்த டர்ன்புல் தீர்ப்பின் இந்தக் கேள்விகளை நம் நீதிமன்றங்களும் கேட்கின்றன. சாட்சியை நேரில் பார்த்தவர் உயர் நீதிமன்ற நீதிபதி என்பதால் மேல் நீதிமன்றம் அவர் மதிப்பீட்டில் லேசில் கை வைக்காது. அவர் தீர்ப்பில் இந்த அம்சங்களைத் தொடவே இல்லை என்றால் கதை வேறு.

"தம்பி வெட்டவில்லை" என்பது மட்டும் போதாது. 149-க்குக் கையால் வெட்டியிருக்க வேண்டியதில்லை. கூட்டத்தின் நோக்கத்தில் பங்கு இருந்தாலே போதும். வேடிக்கை பார்த்தவர் என்றோ, ஆளே அவரில்லை என்றோ காட்ட வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு: சட்டவிரோதக் கூட்டம் என்றால் குறைந்தது ஐந்து பேர். ஆறில் இரண்டு பேர் விடுதலையாகி, வேறு அடையாளம் தெரியாத ஆட்களும் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லையென்றால் 149 நிற்காது. அரசுத் தரப்பு உடனே 34-க்குத் தாவும். லோயர் அதற்கும் தயாராகப் போக வேண்டும்.

குற்றம் உறுதியானாலும் தண்டனையைத் தனியாக வாதாடலாம். 2023 ஜூலை 4 முதல் 302-க்கு மரண தண்டனை கட்டாயமில்லை. 30 முதல் 40 ஆண்டுச் சிறையும், 12-க்குக் குறையாத பிரம்படியும் கொடுக்கலாம்.

குடும்பத்தில் யாரும் அந்தச் சாட்சியைத் தேடிப் போய்ப் பேச வேண்டாம். அவர் மனம் மாறி எழுதித் தந்தாலும் மிரட்டி வாங்கியதாகத்தான் பார்ப்பார்கள். தீர்ப்புத் தேதியை நீங்கள் எழுதவில்லை. மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள்தான். முழுத் தீர்ப்பு எழுத்தில் வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றே லோயரிடம் கேளுங்கள்.