நான்கு ஓனர் கண்ட மோட்டார்ஹோம்: வாங்கலாமா?

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். உள்ளேயே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள பழைய மோட்டார்ஹோம் வண்டி ஒன்றை வாங்கி நானும் கணவரும் ஊர் சுற்ற ஆசைப்படுகிறோம். இரண்டு வண்டிகள் பிடித்திருக்கின்றன. இரண்டுக்குமே 12 வயது. ஒன்று சிங்கிள் ஓனர், ஓடியதும் மிகக் குறைவு. இன்னொன்று நான்கு கை மாறியது, அதைப்போல் மூன்று மடங்கு ஓடியிருக்கிறது. "நாலு பேர் தள்ளிவிட்ட வண்டி நமக்கு எதற்கு?" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியா?

பதில்: அம்மா, கார் வாங்குவதாக இருந்தால் உங்கள் கணவர் பக்கம்தான் நானும் நிற்பேன். மோட்டார்ஹோம் விஷயம் வேறு. வாங்குபவர்கள் சார்பில் பழைய மோட்டார்ஹோம்களைப் பரிசோதித்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். நான் பார்த்ததில் மிக மோசமானவை பலவும் அதிகம் ஓடாத சிங்கிள் ஓனர் வண்டிகள்தான்.

ஒரு வண்டி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சீட்டில் ஒரு கறை கிடையாது, அடுப்பு புதிதுபோல் இருந்தது. ஓனருக்கு உடம்பு முடியாமல் போய், சில ஆண்டுகள் மரத்தடியிலேயே நின்றிருக்கிறது. துணி அலமாரிக்குள் தலையை விட்டு, பின்சுவரின் மேல் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. சுவருக்குள் இருந்த மரச்சட்டம் மொத்தமும் மக்கிப்போயிருந்தது. அந்த மனிதர் மேல் குற்றமில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனதுதான் காரணம்.

மோட்டார்ஹோம் என்பது லாரியும் வீடும் சேர்ந்தது. லாரி சும்மா நின்றால் கெடும். வீட்டுக்கு நின்றாலும் ஓடினாலும் தண்ணீர்தான் எதிரி. எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்ற எண்ணிக்கை இந்த இரண்டைப் பற்றியும் அதிகம் சொல்லாது. ஆசையாய் வாங்குகிறார்கள், ஒரு விடுமுறைக் காலம் ஓட்டுகிறார்கள்; நிறுத்த இடம் போதவில்லை, குழந்தை பிறந்துவிட்டது, இன்னும் பெரிதாக வேண்டும் என்று விற்றுவிடுகிறார்கள். நான்கு பேரும் இப்படி நல்ல காரணத்துக்காகவே விற்றிருக்கலாம்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். மூன்று நான்கு ஆண்டு வைத்திருந்தவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வாங்கி இரண்டே மாதத்தில் ஒருவர் விற்றிருந்தால், ஏன் என்று தெரியாமல் மேலே போகாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு பேர் அப்படி விற்றிருந்தால், முதல் மழையில் ஏதோ தெரியவந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்.

அடுத்து, யார் எங்கே துளை போட்டார்கள் என்று கேளுங்கள். விநோதமான கேள்வியாகத் தோன்றும், ஆனால் பழைய ஓனர்களைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்புவதில் முதலிடம் இதற்குத்தான். கூரையில் சோலார் பேனல், ஆன்டெனா, பக்கச்சுவரில் வெயில் மறைப்பு, பின்னால் சைக்கிள் தாங்கி என்று ஆளுக்கொன்று மாட்டுவார்கள். ஒவ்வொரு திருகும் வெளித்தோலில் ஒரு ஓட்டை. அதை அடைக்கப் பூசிய சீலன்ட் பசை சில ஆண்டுகளில் காய்ந்து வெடிக்கும். அந்த வழியே இறங்கும் தண்ணீர், உள்ளே கறையாகத் தெரிவதற்குள் சட்டத்தைத் தின்றிருக்கும். கழற்றி எடுத்த பொருள்களின் பழைய துளைகளை எப்படி அடைத்தார்கள் என்பதையும் ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். இப்படி மாட்டியதெல்லாம் எடையையும் கூட்டும். அனுமதித்த மொத்த எடையில் உங்கள் இருவருக்கும் சாமான்களுக்கும் எவ்வளவு மிச்சம் என்பதை எடைமேடையில் ஏற்றினால்தான் அறிய முடியும்.

ஈரப் பரிசோதனை அறிக்கைகளைக் கட்டாயம் கேளுங்கள். சுவருக்குள் எவ்வளவு ஈரம் என்று காட்டும் கருவியான ஈரமானியை ஆண்டுதோறும் வைத்து அதே இடங்களில் அளந்த அறிக்கை வரிசையாக இருந்தால் அதைவிட நல்ல வரலாறு கிடையாது. பொதுவாக 15 சதவீதம் வரை பயமில்லை. 20-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 30-க்கு மேல் என்றால் உள்ளே மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு ஆண்டின் எண்ணைவிட, 12, 14, 19 என்று ஏறிக்கொண்டே வரும் வரிசைதான் எனக்கு அதிகம் சொல்லும். பாடி கட்டிய நிறுவனம் ஒழுகலுக்கு வாரன்டி கொடுத்திருந்தால், அதுவும் பெரும்பாலும் இந்த ஆண்டுப் பரிசோதனையைத் தவறாமல் செய்திருந்தால்தான் செல்லும்.

நின்ற வண்டியின் லாரிப் பாகத்துக்கு வருவோம். டயரில் கோடுகள் ஆழமாக இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகள். அங்கே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்த டயர். அந்த வயது டயரை, கோடு எவ்வளவு மீதி இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை உள்ள இன்ஜின் என்றால் அதற்குக் கிலோமீட்டர் கெடுவோடு ஆண்டுக் கெடுவும் உண்டு. "ஓடவே இல்லையே, அதனால் மாற்றவில்லை" என்று பெருமையாகச் சொல்பவரின் வண்டியில் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். பிரேக்கும் பேட்டரியும் அப்படித்தான்.

ஆகவே அம்மா, இரண்டு வண்டியின் காகிதங்களையும் மேசையில் பரப்புங்கள். நான்கு பேர் கட்டிக்காத்த தடித்த கோப்பு ஒரு பக்கமும், "ஒரே ஓனர்" என்ற வார்த்தை மட்டும் மறுபக்கமும் இருந்தால், நான்கு பேர் வண்டியையே எடுக்கச் சொல்வேன். சிங்கிள் ஓனரிடமும் அப்படிக் கோப்பு இருந்தால், முதலில் அந்த வண்டியை ஈரமானி வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: வாடகைக்கு ஓடிய மோட்டார்ஹோம் மலிவாகக் கிடைக்கிறது. நூறு கை பட்ட வண்டியாயிற்றே?

பதில்: தாராளமாகப் போய்ப் பாருங்கள். அடுத்த வாடகைக்குப் போயாக வேண்டும் என்பதால் இன்ஜின் சர்வீஸ் பெரும்பாலும் ஒழுங்காக நடந்திருக்கும். அடி வாங்குவது வீட்டுப் பாகம்: கதவுக் கீல், ஜன்னல் திரை, மடக்கு மேசை, கழிவறைத் தொட்டியின் ரப்பர் வளையம். இவையெல்லாம் மாற்றக்கூடியவை. இவ்வளவு உயரமான வண்டியை முதல்முறை ஓட்டியவர்கள் கூரையின் முன்விளிம்பை மரக்கிளையிலோ தாழ்ந்த கூரையிலோ இடித்திருப்பார்கள். அங்கே ஒட்டுப்போட்ட அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

கேள்வி: இறந்துபோன தந்தையின் மோட்டார்ஹோமை மகன் விற்கிறார். "பழைய காகிதம் எதுவும் இல்லை" என்கிறார். பரவாயில்லையா?

பதில்: சர்வீஸ் பில் இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். உரிமைக் காகிதம் இல்லையென்றால் பேசவே வேண்டாம். வாரிசு என்ற முறையில் விற்கும் உரிமை அவருக்குச் சட்டப்படி வந்துவிட்டதா, வண்டி மேல் கடன் பாக்கி உண்டா, விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி இன்ஷூரன்ஸ் நிறுவனம் முழுநஷ்டம் என்று எழுதிய வண்டியா, இவை மூன்றும் எழுத்தில் தெளிவான பிறகுதான் முன்பணம். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றின் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சேஸிஸ் செய்த ஆண்டும் பதிவான ஆண்டும் ஒன்று முன்பின்னாக இருந்தால் பதற வேண்டாம்; ஒருவர் செய்த சேஸிஸ் மேல் இன்னொருவர் பாடி கட்டுவதால் அது சகஜம். பாடிக்குத் தனி வரிசை எண் இருக்கும், அதைச் சொல்லிக் கட்டிய நிறுவனத்திடம் விசாரித்தால் சில பழைய விவரங்கள் கிடைக்கலாம். வெள்ளச் சந்தேகத்துக்கு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேறு படிந்த கோடு தெரியலாம்.

கேள்வி: முந்தைய ஓனரிடம் நேரில் பேச வாய்ப்பு கிடைத்தால் என்ன கேட்பது?

பதில்: வண்டியை எங்கே நிறுத்தினார், பனிக்காலத்தில் குழாய்களிலும் ஹீட்டரிலும் இருந்த தண்ணீரை வடித்தாரா, எந்த மழையிலாவது ஒழுகியதா, ஏன் விற்கிறார். இந்த நான்கு போதும். அவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். நேசித்து வைத்திருந்தவர் கேட்காமலேயே குறைகளையும் சொல்வார். போனில் பேசும்போதே, நீங்கள் வந்து சேரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகைக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும். பிரிட்ஜை மட்டும் முதல் நாள் இரவே போட்டு வைக்கச் சொல்லுங்கள். கேஸில் ஓடும் பிரிட்ஜ் குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும்.