திட்டிக்கொள்வது முயற்சி ஆகாது

கேள்வி: எனக்கு வயது 31. எதிலும் நிலையான ஆர்வம் வருவதில்லை. ஓவியம், கிட்டார், ஓர் அயல்மொழி என்று எல்லாவற்றையும் உற்சாகமாகத் தொடங்கிச் சில வாரங்களில் விட்டுவிட்டேன். பென்சிலால் நிழல் தீட்டும்போது நேரம் போவதே தெரியாது; ஆனால் கை, விரல் வரையவே வராது. நான் ஒரு சோம்பேறி. ஒழுக்கமில்லாதவன். கூடப் படித்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். 'உன்னை நீயே ஏற்றுக்கொள்' என்கிறார்கள் சிலர். 'உன்னை மாற்றிக்கொள்' என்கிறார்கள் சிலர். ஏற்றுக்கொண்டால் இப்படியே தேங்கிப்போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்னுடைய உண்மையான ஆர்வம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்துவிட்டால் அதையே தொழிலாக்கலாமா?

பதில்: முதலில் உங்கள் கடிதத்திலேயே ஒன்றைக் காட்ட வேண்டும். இடம் கருதி இங்கே சுருக்கியிருக்கிறோம். நீங்கள் அனுப்பியதில் முக்கால்வாசி, சோம்பேறி, உருப்படாதவன், எதற்கும் லாயக்கில்லாதவன் என்று உங்களையே வைதுகொண்டு எழுதியது. பிடித்த விஷயத்துக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. நிழல் தீட்டும்போது நேரம் போவதே தெரியாது என்ற அந்த வரி. அதையும் எழுதி முடிப்பதற்குள் ஓர் 'ஆனால்' போட்டுவிட்டீர்கள்.

நேராகவே சொல்கிறேன். உங்களைத் திட்டிக்கொள்வதை நீங்கள் முயற்சிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஒரு மாலை முழுக்க 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று உட்கார்ந்து மருகினால், உழைத்த மாதிரியே களைத்துப்போகும். ஏதோ செய்துவிட்டோம் என்று மனசும் ஆறிவிடும். நோட்டில் ஒரு கோடுகூட ஏறியிருக்காது. மறுநாள் அந்த வெறும் நோட்டைப் பார்த்து மறுபடியும் திட்டு. வருஷக்கணக்கில் இப்படிப் போகலாம், நிறையப் பேருக்குப் போயும் இருக்கிறது.

உண்மையான ஆர்வம் எது என்று கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். அது எங்கேயோ ஏற்கெனவே முழுசாக இருக்கிறது, தேடிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று நினைக்கிறீர்கள். இந்த நினைப்பு என்ன செய்யும் என்று பால் ஓ'கீஃப், கேரல் டுவெக், கிரிகரி வால்ட்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் சோதித்து, 2018-ல் வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனையில், கருந்துளைகளைப் பற்றிய சுவாரசியமான வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் நன்றாகவே ரசித்தார்கள். அப்புறம் அதே விஷயத்தைப் பற்றிக் கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே அமைவது என்ற எண்ணத்தோடு படித்தவர்களுக்கு ஈடுபாடு சடாரென்று இறங்கிவிட்டது. ஆர்வம் வளர்த்துக்கொள்ளக்கூடியது என்று எண்ணியவர்களுக்கு அவ்வளவு இறங்கவில்லை. காரணம் எளிது. 'இதுதான் எனக்கானது என்றால் சுலபமாக வந்திருக்குமே' என்று எதிர்பார்ப்பவர், முதல் கஷ்டம் வந்ததுமே 'அப்படியென்றால் இது எனக்கானது இல்லை' என்று எழுந்துவிடுகிறார்.

உங்கள் ஓவிய நோட்டை நீங்கள் மூடிய நாளும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நிழல் தீட்டப் பழகினீர்கள், நன்றாக வந்தது. அப்புறம் ஒரு கை வரைய உட்கார்ந்தீர்கள். விரல்கள் ஒரே நீளத்துக்கு நின்றன, கட்டைவிரல் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து முளைத்தது. அழித்தீர்கள், வரைந்தீர்கள், தாள் தேய்ந்துபோனது. போனை எடுத்து வேறு யாரோ வரைந்த கையைப் பார்த்தீர்கள். அன்றைக்கே அந்தப் பென்சிலுக்கு விடை கொடுத்தாயிற்று. நான் சொல்வது உங்கள் விஷயத்தில் அப்படியே பொருந்தாமல் போகலாம், பெரிதாகத் தப்பியிருக்காது.

கை வரைவது யாருக்கும் கஷ்டம். ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினாலே எல்லாமே வேறு வடிவம் எடுத்துக்கொள்ளும். தொழில்முறை ஓவியர்களே அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். விரலின் வெளிக்கோட்டை வரையாதீர்கள். ஒரு பக்கமாக விளக்கை வைத்து, உங்கள் இடது கையை அதன் முன்னால் நீட்டுங்கள். இருட்டாகத் தெரியும் இடங்களை மட்டும், அவை என்ன உருவத்தில் இருக்கின்றனவோ அப்படியே தீட்டுங்கள். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் விழும் கறுப்பு, உள்ளங்கைக் குழி, கட்டைவிரலுக்குக் கீழே வளைந்து போகும் சாம்பல். தீட்டத் தீட்ட அங்கே ஒரு கை தெரிய ஆரம்பிக்கும். முதல் தடவை கோணலாகத்தான் வரும். ஆனால் உங்களுக்கு வரும் ஒன்றை வைத்து, வராத ஒன்றின்மேல் கை வைத்துவிட்டீர்கள். ஆர்வம் வளர்வது இப்படித்தான். கொஞ்சம் பிடிக்கும், அதனால் செய்வோம். செய்யச் செய்யக் கொஞ்சம் கைவரும். கைவந்தது இன்னும் கொஞ்சம் பிடிக்கும்.

சரி, ஏற்றுக்கொண்டால் தேங்கிப்போவேனா என்ற பயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்தப் பயம்தான். தன்னை விரட்டுவதை நிறுத்தினால் அதோடு எல்லாமே நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டே எத்தனையோ நல்ல மனிதர்கள் தினம் தினம் தங்களை அடித்துக்கொள்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. ஜூலியானா பிரெய்ன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கடினமான சொற்தேர்வு ஒன்று வைத்தார்கள். தேர்வு முடிந்ததும் ஒரு பிரிவினரிடம், 'இது எல்லோருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், உங்களை ரொம்ப நொந்துகொள்ளாதீர்கள்' என்று சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம், 'இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறதே, நீங்கள் புத்திசாலிகள்தான்' என்று தட்டிக்கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினரிடம் எதுவுமே சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் முதல் பிரிவினர். பாராட்டு அந்த வேலையைச் செய்யவில்லை.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. புத்தகத்தைத் திறந்தாலே குற்ற உணர்ச்சி குத்தும் என்றால் யார்தான் திறப்பார்கள்?

அதற்காக, 'நீ இருக்கிறபடியே இரு, எதையும் மாற்றாதே' என்று சொல்பவர்கள் பக்கம் நான் இல்லை. அது வெறும் தாலாட்டு. தன்னை ஏற்றுக்கொள்வது என்று நான் சொல்வது, இருப்பதை உள்ளபடி பார்ப்பதை. 'எனக்கு நிழல் வருகிறது. விரல் வரவில்லை. வேலை நாட்களில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடிவதில்லை. தவறினால் இரண்டு நாள் முகம் சுருங்கிப்போகிறது.' இந்த நாலு வாக்கியத்தையும் வைத்து ஏதாவது செய்யலாம். அரை மணிதான் முடியும் என்றால் அரை மணிக்கு ஏற்ற மாதிரி வேலையை வைத்துக்கொள்ளலாம். 'நான் சோம்பேறி' என்ற தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? மேல்முறையீடுகூடச் செய்ய முடியாது.

ஒழுக்கமில்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று முடிவுகட்டுவது உங்கள் வழக்கமாக இருக்கும் என்று தோன்றுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் வித்தியாசமோ 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. நீங்கள் சில வாரங்களிலேயே தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

கூடப் படித்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள் என்கிறீர்கள். போகட்டும், நல்லது. அவர்களில் யாரும் உங்கள் நோட்டில் வந்து வரையப்போவதில்லை.

இன்னொன்று. முன்பு பிடித்த எதுவுமே இப்போது பிடிக்கவில்லை, தூக்கமோ பசியோ கெட்டிருக்கிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இப்படியே இருக்கிறது என்றால், அதற்கு மன உறுதி போதாது, என் பதிலும் போதாது. ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எதிலும் நாட்டமற்றுப்போவது மனச்சோர்வு நோயின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. சிகிச்சை இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படித் தெரியவில்லை, ஆனாலும் இதைப் படிக்கும் வேறொருவருக்குத் தேவைப்படலாம்.

கடைசியாக, தொழிலாக்கலாமா என்ற கேள்வி. இப்போதைக்கு வேண்டாம். 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 3 முதல் 5 வயதுவரையான பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சிலருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுக்கவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, விருப்பமிருந்தால் வரையலாம் என்று பேனாக்களை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்டப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. வரைந்து சம்பாதிப்பவர்கள் எல்லாம் ஆசையற்றுப்போனவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களில் பலருக்கு அது உயிர். உங்கள் ஆசை இன்னும் இளசு. வருமானம், பார்வையாளர் எண்ணிக்கை என்று இப்போதே அதன் தலையில் ஏற்றினால் தாங்காது. ஒரு வருஷம் வரையுங்கள். வரையத் தெரிந்த ஒரே ஒருவரிடம் மட்டும் காட்டுங்கள். எங்கே தப்பு என்று சொல்லத் தெரிந்தவராக இருக்கட்டும். யாரிடமும் விலை பேசாதீர்கள். அதற்கப்புறமும் தொழிலாக்கும் எண்ணம் இருந்தால் எழுதுங்கள், விவரமாகப் பேசலாம்.