அக்கா மகனுக்கு இங்கிருந்து பாலிசி போடலாமா?

கேள்வி: என் அக்கா மகன் 2006-ல், ஆறு வயதில், பெற்றோருடன் விசிட் விசாவில் அமெரிக்கா போனவன். விசா முடிந்தும் யாரும் திரும்பவில்லை. இப்போது நியூஜெர்சியில் ஒரு சின்ன மளிகைக் கடையில் வேலை. சின்ன வயதில் வந்து விசா இல்லாமல் வளர்ந்தவர்களை வெளியேற்றாமல் தற்காலிகமாக இருக்கவிடும் 'டாக்கா' அனுமதி இருக்கிறது. வைத்திருந்த இன்ஷூரன்ஸ் 2025 ஆகஸ்டோடு போய்விட்டது. சிறுநீரகக் கல்லால் துடிக்கிறான். இங்கிருந்து பாலிசி எடுக்கலாமா? இல்லை, கோவைக்கு வரவழைத்து ஆபரேஷன் செய்துவிடலாமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, டிக்கெட் மட்டும் போட்டுவிடாதீர்கள். 'அட்வான்ஸ் பரோல்' என்ற முன் அனுமதி வாங்காமல் விமானம் ஏறினால் டாக்காவும் போகும், திரும்பும் வழியும் அடைபடும். 18 வயதுக்குப் பின் அனுமதியில்லாமல் ஒரு வருடம் இருந்திருந்தால் பத்து வருடத் தடை வேறு. சிகிச்சைக்காக அந்த அனுமதியைக் கேட்கலாம். ஆனால் அது இருந்தும் உள்ளே விடுவது விமான நிலைய அதிகாரி கையில். அங்குள்ள குடியேற்ற வக்கீலைப் பார்க்காமல் அசையக் கூடாது.

பாலிசி? இருபத்திரண்டு வருடம் பாலிசி விற்றவன் சொல்கிறேன். நம் சாதாரண மெடிக்கல் பாலிசி இந்திய ஆஸ்பத்திரிக்குத்தான். பயணப் பாலிசியை இங்கிருந்து கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். 'போடலாங்க' என்று யாராவது சொன்னால் அவர் கமிஷனைப் பார்க்கிறார்.

இன்ஷூரன்ஸ் போனது பையன் தப்பில்லை, அக்காவிடம் சொல்லுங்கள். டாக்கா (வங்கதேசத்து ஊர் அல்ல!) ஒபாமா காலத்தில் 2012 ஜூனில் வந்தது. வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஆனால் இரண்டே மாதத்தில், தனியார் பாலிசிகளை அரசு மானியத்தோடு விற்கும் இன்ஷூரன்ஸ் சந்தையில் இவர்களுக்கு இடமில்லை என்றார்கள். முழுப் பணம் கொடுத்தாலும் கிடையாது. 2024 நவம்பரில் கதவு திறந்தது. 19 மாநிலங்கள் வழக்குப் போட்டு, அங்கே மட்டும் தடை வாங்கின. நியூஜெர்சி அதில் இல்லை, அதனால்தான் இவனுக்குக் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் புது விதி எல்லா மாநில டாக்காக்காரருக்கும் கதவைச் சாத்திவிட்டது.

கார்டு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்பது கேரள எல்லையில் இருக்கும் நமக்குப் புதிதா என்ன? என் அம்மாவின் பித்தப்பைக் கல்லுக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோவைக்குப் போனோம். முதலமைச்சர் காப்பீடு கேட்டதும் கவுண்டரில் இருந்த பெண் எங்கள் ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கேரளா கார்டுங்களே." அம்மாவின் வளையல் அன்றைக்குத்தான் அடகுக்குப் போனது.

சரி, பையனுக்கு வழி. நியூஜெர்சி ஆஸ்பத்திரிகளில் 'சேரிட்டி கேர்' உண்டு. வருமானம் அவர்கள் வைத்திருக்கும் வறுமைக்கோட்டைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவு இலவசம், மூன்று மடங்கு வரை தள்ளுபடி. சேமிப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. குடியேற்ற நிலை தடையில்லை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். டாக்டர் தனியாக பில் அனுப்பினால் அது இதில் சேராது. முன்கூட்டியே பேசிக் குறைக்க வேண்டும்.

வலி தாங்காமல் எமர்ஜென்சிக்குப் போனால் 1986-ம் வருடச் சட்டப்படி திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் நிலைமை சீரானதும் அனுப்பிவிடலாம். கல் உள்ளேயே இருக்கும், பில் வீட்டுக்கு வரும்.

முதலாளி இன்ஷூரன்ஸ் கொடுத்தால் டாக்காக்காரர் தாராளமாகச் சேரலாம். ஆனால் முழுநேர ஆட்கள் 50 பேருக்குக் குறைவான கடைக்கு, கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்டுப் பார்க்கட்டும்.

பில் வந்ததும் பயந்து கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டாம். முதலில் அந்த சேரிட்டி கேர் மனு.