50 ஜிபி வீடியோ ஃபைல்களுக்கு வீட்டு சர்வரில் எந்த ஃபைல் சிஸ்டம்?

கேள்வி: சார், கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். பழைய ஃபுட்டேஜ் எல்லாம் ஆறு 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கிறது. வீட்டில் சும்மா இருக்கும் 8 ஜிபி ரேம் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, 8 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி சர்வர் ஆக்கப் போகிறேன். ஒரு ஃபைலே 40, 50 ஜிபி வரும். எடிட் செய்வது விண்டோஸில், அதனால் ஃபைல் சிஸ்டமாக (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸே போடலாமா? நண்பர் ஒருவர் எக்ஸ்எஃப்எஸ் என்கிறார், இன்னொருவர் இசட்எஃப்எஸ் என்கிறார். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா இருக்கும்படி மிரர் போட்டுவிட்டால் பேக்கப் தேவையில்லைதானே?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: என்டிஎஃப்எஸ் வேண்டாம். உங்கள் விண்டோஸ் மெஷின் சர்வரில் உள்ள டிஸ்க்கை நேரடியாகத் தொடப்போவதே இல்லை, நடுவில் சம்பா என்ற மென்பொருள்தான் நெட்வொர்க் வழியாக ஃபைலை எடுத்துக் கொடுக்கும். அதனால் லினக்ஸுக்கு நன்றாகப் பழகிய ஒன்றையே போடுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஜிகாபிட் கேபிளில் விநாடிக்குச் சுமார் 110 எம்பிதான் போகும், இன்றைய 8 டிபி டிஸ்க் ஒன்று தனியாகவே அதைத் தாண்டிவிடும், அதனால் எந்த ஃபைல் சிஸ்டம் போட்டாலும் 45 ஜிபி ஃபைல் போய்ச் சேர ஏழு நிமிஷம் ஆகத்தான் செய்யும்.

எக்ஸ்எஃப்எஸ் சொன்ன நண்பர் தப்பாகச் சொல்லவில்லை. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் பெரிய ஃபைல்களை மனதில் வைத்தே செய்து 1994-ல் வெளியிட்டது, 2001-ல் லினக்ஸுக்கு வந்தது, இன்றும் உறுதியாக நிற்கிறது. ஒரே குறை, பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம், பிறகு சுருக்க முடியாது. லினக்ஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4-உம் போதும், அதில் ஒரே ஃபைல் 16 டிபி வரை போகலாம். ஆனால் ஃபார்மட் செய்யும்போது 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று (லினக்ஸின் நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கிவிடும், 8 டிபியில் அது 400 ஜிபி! டேட்டா மட்டும் வைக்கும் டிஸ்க்குக்கு அந்த ஒதுக்கீடு தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் என்ற கமாண்ட் கொண்டு பூஜ்யமாக்கிவிடலாம்.

ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது இசட்எஃப்எஸ்தான். காரணம் என் வீட்டில் நடந்தது. குடும்ப விசேஷ வீடியோ ஒன்றை நாலைந்து வருஷம் கழித்துத் திறந்தேன், மாலை மாற்றும் இடத்தில் படம் பச்சைக் கட்டங்களாக உடைந்து, சில விநாடி கழித்துத்தான் சரியானது. எப்போது கெட்டது என்று இன்றுவரை தெரியாது. டிஸ்க் ஒரு எர்ரரும் காட்டவில்லை, பேக்கப்பிலும் கெட்ட காப்பிதான் இருந்தது, ஏனென்றால் கெட்டதையே மாற்றி மாற்றி பேக்கப் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த விசேஷத்தைத் திரும்பவும் எடுக்க முடியுமா?

இசட்எஃப்எஸ் எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம், அதாவது டேட்டாவிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண், வைத்துக்கொள்கிறது. படிக்கும்போதெல்லாம் ஒப்பிடும், மாதம் ஒருமுறை ஸ்க்ரப் என்ற முழுச் சோதனையை ஓடவிட்டால் டிஸ்க்கில் உள்ள டேட்டா முழுவதையும் படித்து, எந்த ஃபைல் கெட்டது என்று பெயரோடு சொல்லிவிடும். எக்ஸ்எஃப்எஸ்ஸும் இஎக்ஸ்டி4-உம் ஃபைலுக்குள் இருக்கும் டேட்டாவை இப்படிச் சரிபார்ப்பதில்லை. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் சரிபார்க்கும், இரண்டு டிஸ்க்குக்கு அதுவும் பரவாயில்லை, ஆனால் பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் அதன் ரெய்டு 5, 6 பக்கம் மட்டும் போகாதீர்கள்.

8 ஜிபி ரேம் போதும். ஒரே மாதிரி டேட்டாவை ஒருமுறை மட்டும் வைக்கும் டீடூப் வசதியை மட்டும் ஆன் செய்யாதீர்கள், ரேமை விழுங்கிவிடும், வீடியோவுக்குப் பலனும் கிடையாது. இசட்எஃப்எஸ் ஃபைலைப் பிரித்து எழுதும் துண்டின் அளவான ரெக்கார்ட் சைஸை 128 கேபியிலிருந்து 1 எம்பி ஆக்குங்கள். உபுண்டு போட்டால் இசட்எஃப்எஸ் சிரமமில்லாமல் கிடைக்கும்.

சரி, மிரர். இரண்டே டிஸ்க்தான் என்றால் நான் மிரர் போட மாட்டேன். மிரரில் ஒரு ஃபைலைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே அழியும், பவர் சப்ளை வெடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்றைச் சர்வரில் வையுங்கள், இன்னொன்றை யூஎஸ்பி பெட்டியில் போட்டு, அதிலும் இசட்எஃப்எஸ்ஸே போட்டு, வாரம் ஒருமுறை ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் டேட்டா இருந்த நிலையின் பதிவு) அனுப்பிவிட்டுக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். ஸ்க்ரப் ஒரு ஃபைலைக் கெட்டது என்றால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த வாரத்து ஃபுட்டேஜ் இரண்டாவது டிஸ்க்கிலும் ஏறும் வரை கேமரா கார்டை அழிக்க வேண்டாம். பிறகு பணம் சேர்ந்தால் மூன்றாவது டிஸ்க் வாங்கி மிரர் சேர்த்துக்கொள்ளலாம். சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம்.

வாங்கும்போது பெட்டியில் இருக்கும் ஜிபியை மட்டும் பார்க்காதீர்கள், மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு சிஎம்ஆரா (டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதது) எஸ்எம்ஆரா என்று கம்பெனி தளத்தில் பாருங்கள். எஸ்எம்ஆரில் டிராக்குகள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும், நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் எழுத வேண்டும். மிரரில் புது டிஸ்க் மாற்றும்போது இது உயிரை எடுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதைச் சொல்லாமலே விற்றார்கள் என்று 2020-ல் பெரிய பிரச்சினையே ஆனது. விண்டோஸில் மாட்டிப் பார்த்தால் 8 டிபி டிஸ்க் 7.27 என்றுதான் காட்டும், அது ஏமாற்று இல்லை, கணக்கிடும் முறை வேறு.

அப்புறம், ஏற்கெனவே கெட்டுப்போன ஃபைலை இசட்எஃப்எஸ் நல்லது என்று நம்பித்தான் எழுதி வைக்கும். அதனால் மாற்றும்போது முக்கியமான கல்யாணங்களையாவது ஓடவிட்டுப் பாருங்கள், முதல் ஸ்க்ரப் சுத்தமாக முடிந்து இரண்டாவது டிஸ்க்கும் நிரம்பும் வரை பழைய ஆறு டிஸ்க்கில் எதையும் அழிக்காதீர்கள்.